யார் வீட்டுத் தட்டு?

அத்தியாயம் 19

போன வாரம் ஸுலைகாவை ஐந்தாம் மாடியில், யமினாவின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தோம். "என் பிள்ளைங்க தலை மேல ஆணையா சொல்றேன், அந்த அறையில எங்க வீட்டு ஆளுக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை கிடையாது" என்று அவள் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். யமினா நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த 'நாளை' இன்றுதான். ஆனால் விடிவதற்குள் யமினாவின் கணவர் மஸ்ஊத் காலமாகிவிட்டார்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அல்ஜியர்ஸுக்கு வெளியே வரிசையாகக் கட்டி நிறுத்திய இந்தக் குடியிருப்புக்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. ஆயிரத்து அறுநூறு வீடு, அதனால் 'ஆயிரத்து அறுநூறு'. எட்டு மாதத்துக்கு முன் மேட்டுப் பேட்டையிலிருந்து ஒரு கூட்டத்தையும் ஆற்றங்கரைத் தகரக் குடிசைகளிலிருந்து ஒரு கூட்டத்தையும் லாரியில் ஏற்றி வந்து, குலுக்கல் போட்டு, சாவி கொடுத்துவிட்டுப் போனது அரசாங்கம். கூரை ஒழுகவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸுலைகா இருக்கும் பதினாலாம் கட்டடத்தில் குலுக்கல் விழுந்த விதத்தில் இடது படிக்கட்டு முழுக்க மேட்டுக்காரர்கள், வலது படிக்கட்டு முழுக்க ஆற்றங்கரைக்காரர்கள். இந்த எட்டு மாதத்தில் இவர்கள் அவர்களுக்கு ஸலாம் சொன்னதைவிடத் தண்ணீர்த் தொட்டிச் சாவிக்காகச் சட்டையைப் பிடித்ததுதான் அதிகம்.

ஸுலைகா நகராட்சியின் சமூகநலப் பிரிவில் வேலை செய்பவள். சண்டையை விலக்கி விலக்கி நகராட்சிக்கும் அலுத்துப்போய் ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் கடை அறையைக் குடியிருப்பவர்களுக்கே பொது அறையாகக் கொடுப்பது. மேசை, நாற்காலி, ஒரு அலமாரி நகராட்சி தரும். பிள்ளைகள் படிக்கலாம், பெண்கள் தையல் போடலாம், நல்லது கெட்டதுக்குக் கூடலாம். கமிட்டி வேண்டும் என்று அறுபது வீட்டில் முப்பத்தொரு வீடு கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டிலிருந்தும் பத்துப் பேராவது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அறை கடையாகப் போய்விடும். கெடு இன்று மாலை நாலு மணி.

ஸுலைகாவின் கையில் இருந்தவை இருபத்தாறு. அதில் வலது படிக்கட்டுக் கையெழுத்து இரண்டே இரண்டு.

காரணம் அவளுடைய கொழுந்தன் லக்தர். மேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவன். வீடு இடிந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, கடை இடிந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறான். நிச்சயித்த பெண் வீட்டில் 'எப்போ, எப்போ' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொது அறை என்பதெல்லாம் நாடகம், கடைசியில் லக்தர்தான் அங்கே கடை போடப்போகிறான் என்பது வலது படிக்கட்டின் பேச்சு. அதற்காகத்தான் வலது படிக்கட்டு யமினாவின் வாசலில் அந்தச் சத்தியம்.

*

காலை ஏழு மணிக்கு ஸுலைகா சமையலறையில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்ற பயம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் லக்தர் மெத்தையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். தினமும் நடப்பதுதான். அந்த மெத்தை சாய்ந்து கதவில் 'தொம்' என்று இடிக்கும் சத்தத்தில்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

"அண்ணி, விஷயம் கேட்டீங்களா? மஸ்ஊத் பெரியவர்..."

"கேட்டேன். அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்."

"அப்போ இன்னிக்கு உங்க முப்பத்தொண்ணு?"

"சாவு வீட்டுக்குப் போறவ பையில பேனாவா எடுத்துட்டுப் போவா? வாயை மூடிட்டுச் சட்டையை மாட்டு. தூக்க ஆள் வேணும். லிஃப்ட் இல்ல."

லிஃப்ட் இருக்கத்தான் செய்தது. குடிவந்த நாளிலிருந்து ஓய்வில் இருந்தது, அவ்வளவுதான்.

கணவன் மவ்லூத் குளியலறையிலிருந்து வந்தான். நகரப் பேருந்து ஓட்டுபவன். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் காபியை எடுத்துக்கொண்டான். இந்த மூன்று வாரமாகவே அப்படித்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கோதுமை ரவைக் கூஸ்கூஸ் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் வெடித்துவிட்டாள். "உங்க தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க. இந்த வீட்டுல நான் காலை நீட்டிப் படுக்க ஒரு மூலை இல்ல. இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்." சொல்லிவிட்டு மறுநாளே மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

பேனா எடுத்துப் போகமாட்டேன் என்று சொன்னவள் கிளம்பும்போது அலுவலகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பழக்கம். உள்ளே கையெழுத்துப் படிவம் இருந்தது. முதல் பக்கம் நகராட்சியின் தலைப்போடு, மற்ற பக்கங்கள் வெறும் கட்டங்களோடு. பெயர், படிக்கட்டு, வீட்டு எண், கையொப்பம்.

*

யமினாவின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஆற்றங்கரைப் பெண்கள் சுவரோரமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். யமினா அழவில்லை. கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக இருந்தாள்.

ஸுலைகா குனிந்து அவளை நாலு முறை முத்தமிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். யமினா தலையாட்டினாள்.

யமினாவின் தங்கை ஸகியா இரண்டாம் மாடி. நாக்கு நீளம், மனசு எப்படி என்று இதுவரை தெரிந்துகொள்ள வாய்க்கவில்லை. அவள் ஸுலைகாவின் பையைப் பார்த்தாள்.

"வாங்க ஆபீசரம்மா. கையெழுத்துக்குத்தானே? அத்தானோட விரலையும் மையில ஒத்திக்கிறீங்களா?"

"ஸகியா!" என்றாள் யமினா.

ஸுலைகா பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். "பந்தலுக்குச் சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லவில்லை. ஆற்றங்கரையில் இருந்தபோது பந்தல்துணி ஒன்று பேட்டைக்குப் பொதுவாக இருந்ததாம். லாரி ஏறும்போது அது எந்த லாரியில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. குடியிருப்பின் பள்ளிவாசலோ இன்னும் கம்பியும் தூணுமாக நிற்கிறது. ஸுலைகா படிக்கட்டில் இறங்கி நின்று நகராட்சிக்குப் போன் போட்டாள்.

"பந்தலா? ஒண்ணுதாம்மா இருக்கு, முப்பதாம் கட்டடத்துல நிக்குது. அங்கயும் சாவு. நாளைக்குத் தரலாம்."

"நாளைக்கு எங்களுக்கு எதுக்கு? மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறாங்க. முந்நூறு பேர் வருவாங்க, மழை பெய்யுது."

"மழைக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றான் அந்த ஊழியன். நியாயமான கேள்விதான். இவளும் எத்தனையோ பேருக்கு அதே குரலில் பதில் சொன்னவள்தானே.

மஸ்ஊதின் ஜனாஸாவை ஐந்து மாடி இறக்குவது பெரும் பாடாகிவிட்டது. படிக்கட்டின் திருப்பம் குறுகல். நான்கு ஆள் தோள் கொடுக்க, முன்னால் இரண்டு ஆள் பின்நடையாகப் படியைத் தடவித் தடவி இறங்க வேண்டியிருந்தது. ஆற்றங்கரை ஆண்களில் பாதிப் பேர் விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டவர்கள். செய்தி கேட்டு இனிமேல்தான் வர வேண்டும். மவ்லூத்தும் லக்தரும் இடது படிக்கட்டிலிருந்து இன்னும் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தொட்டிச் சாவிக்காகப் போன மாதம் லக்தரின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தவன் மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவனோடு தோளுக்குத் தோள் நின்றான். "மெல்ல, மெல்ல, உன் பக்கம் தூக்கு" என்பதைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை.

*

கீழே வந்ததும் எல்லாரும் கட்டடத்தின் முகப்பில் ஒண்டி நின்றார்கள். இடம் போதவில்லை. ஆண்கள் அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குப் போய்த் திரும்பியதும் எங்கே உட்காருவார்கள்? வருகிறவர்களுக்கு எங்கே சமைப்பது? மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கம் என்று யாரைச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஸுலைகா பூட்டிக் கிடந்த அந்த அறையின் ஷட்டரைப் பார்த்தாள். பெரிய அறை. உள்ளே தண்ணீர்க் குழாய்கூட உண்டு. "காவல்காரனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா?" என்று மவ்லூத்திடம் கேட்டாள். அவன் தம்பியைப் பார்த்தான்.

லக்தர் மழையில் நனைந்தபடி ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கால்சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தான். புதுச் சாவி, அட்டை கட்டியிருந்தது. குனிந்து பூட்டைத் திறந்து, ஷட்டரை ஒரே தள்ளாகத் தூக்கினான். கடைக்காரன் கை அல்லவா, ஷட்டர் உடனே மேலே ஏறியது.

ஆற்றங்கரைப் பெண்கள் சாவியையும் ஸுலைகாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஸகியாதான் முதலில் பேசினாள். சத்தமே போடவில்லை. "ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை கிடையாதுன்னு நேத்து எங்க அக்கா வாசல்ல நின்னு சொன்னீங்க. பிள்ளைங்க தலை மேல."

ஸுலைகா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "லக்தர்... இந்தச் சாவி உனக்கு எப்படி வந்துச்சு?"

"அண்ணி, இப்பக் கேக்காதீங்க. மழை." அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "உள்ள கொண்டுபோய் வைங்க. அடுப்பு வேணும்னா என் பழைய கடை அடுப்பு ரெண்டும் மொட்டை மாடியில கிடக்கு, எடுத்துட்டு வர்றேன்."

"எனக்குத் தெரியாது ஸகியா" என்றாள் ஸுலைகா. "சத்தியமா தெரியாது."

"இன்னொரு சத்தியமா? வேணாம். நேத்துப் போட்டதே இன்னும் ஈரமா இருக்கு."

ஆண்கள் ஜனாஸாவை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மவ்லூத் ஏறும்போது திரும்பி ஒரு முறை மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை விளங்கிக்கொள்ள நேரமில்லை.

*

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம் போலிருந்தது. போகவில்லை. இடது படிக்கட்டில் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"அவங்க நம்ம நல்லது கெட்டதுக்கு வந்தாங்களா?" என்றாள் முதல் மாடிக்காரி.

"நமக்குக் கெட்டது எதுவும் இன்னும் நடக்கலையே. நடந்தா வருவாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னா இன்னிக்கு நாம போகணும். கூஸ்கூஸ் சட்டியை எடு."

நாலாம் மாடியில் ஒருத்தி, "தட்டு எத்தனை வேணும்?" என்று மட்டும் கேட்டாள். ஸுலைகாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அரை மணி நேரத்தில் அந்த அறைக்கு உயிர் வந்துவிட்டது. லக்தரின் இரண்டு அடுப்பும் எரிந்தன. ஒரு பக்கம் ஆற்றங்கரைப் பெண்கள் சுண்டலும் பூசணியும் போட்டுக் குழம்பு வைத்தார்கள். இன்னொரு பக்கம் மேட்டுப் பெண்கள் கூஸ்கூஸை ஆவியில் ஏற்றி, இறக்கி, கையால் உதிர்த்தார்கள். நடுவில் யாரும் கடக்காத ஒரு கோடு இருந்தது. குழம்புக்கு உப்பு கேட்டு முதலில் கோட்டைத் தாண்டியது யார் என்று பிற்பாடு இரண்டு பக்கமும் வேறு வேறு பெயர் சொன்னார்கள்.

தட்டுகள் வந்தபோதுதான் அடுத்த வம்பு.

குடிவந்த வாரத்தில் ஒரு வேன்காரன் பச்சைக்கரை போட்ட வெள்ளைக் குழித்தட்டுகளைக் கூவி விற்றுக்கொண்டு வந்தான். லாரிப் பயணத்தில் பாதிச் சாமான் நொறுங்கிப்போன எல்லா வீடும் அவனிடம்தான் வாங்கியது. இப்போது எல்லா வீட்டிலிருந்தும் இறங்கி வந்தவை அதே பச்சைக்கரைத் தட்டுகள். மேட்டிலும் சரி, ஆற்றங்கரையிலும் சரி, தட்டின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். சிவப்புப் புள்ளி இன்னார் வீடு, இரட்டைக் கோடு இன்னார் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். இங்கே எட்டு மாதமாக யாரும் யாருக்கும் தட்டு கொடுக்கவில்லை. அதனால் யாருக்கும் புள்ளி வைக்கத் தோன்றவில்லை.

"இதுல எது என் தட்டு?" என்றாள் ஒருத்தி. அதற்குள் அறுபது தட்டு குவிந்துவிட்டிருந்தது.

ஸகியா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "எழுதுங்க ஆபீசரம்மா. யார் வீட்டுல எத்தனைன்னு எழுதி, பக்கத்துல அவங்க கையெழுத்தும் வாங்குங்க. எனக்கு ஆறு, உனக்கு நாலுன்னு அப்புறம் பேச்சு வரக் கூடாது. இன்னிக்கு எனக்கு யாரையும் நம்புற தெம்பு இல்ல."

எழுதத் தாள்? பையில் கையெழுத்துப் படிவத்தின் வெறும் பக்கங்கள்தான் இருந்தன. ஸுலைகா யோசிக்கவே இல்லை. ஒரு பக்கத்தை எடுத்துச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தாள். பெயர், படிக்கட்டு, வீட்டு எண். எத்தனை தட்டு என்பதை ஓரத்தில் குறித்தாள். ஒவ்வொருத்தியும் மாவுக் கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு வட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் நிரம்பியதும் அடுத்த பக்கத்தை எடுத்தாள்.

ஆண்கள் சேறு அப்பிய காலோடு திரும்பி வந்து, அறையிலும் முகப்பிலும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் எந்தப் படிக்கட்டு என்று பரிமாறுகிறவர்கள் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. துறைமுகத்தில் மஸ்ஊத் ஒரு முறை கப்பல் கயிறு அறுந்தபோது மூன்று பேரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றியதை யாரோ சொன்னார். எட்டு மாதம் ஒரே கட்டடத்தில் இருந்த மேட்டுக்காரர்களுக்கு அவர் துறைமுகத்தில் வேலை செய்தவர் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

*

மூன்றரைக்குக் கையெழுத்தை வாங்கிப்போக நகராட்சியிலிருந்து தஹ்மான் வந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. குடையை மடக்கி, வாசலில் நின்று துஆ ஓதிவிட்டு உள்ளே பார்த்தார். சாப்பாடு முடிந்து பெண்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா ஸுலைகா, நாங்க மேசை நாற்காலி போடுறதுக்கு முன்னாடியே திறப்பு விழா நடத்திட்டீங்களா?"

"சாவு வீடு சார்."

"தெரியும், தெரியும். மன்னிச்சுக்கோ." அவர் குரலைத் தணித்தார். "கையெழுத்து என்னாச்சு?"

"இருபத்தாறு."

தஹ்மான் பெருமூச்சு விட்டார். அப்போது குழாய் மேடையில் ஈரம் படாமல் வைத்திருந்த தாள்களைக் கண்டார். எடுத்துப் புரட்டினார். உதடு அசைய எண்ணினார்.

"நாற்பத்தொண்ணு! வலது படிக்கட்டு மட்டும் பதினாறு. பின்ன ஏன் இருபத்தாறுங்கிறே?"

ஸுலைகா தாள்களைப் பார்த்தாள். அவர் கையில் இருந்தது நகராட்சியின் சொந்தப் படிவம். அதே கட்டம், அசல் கையெழுத்துகள். தலைப்புப் பக்கத்தை மேலே வைத்துப் பின் அடித்தால் முடிந்தது. ஓரத்தில் குறித்திருக்கும் எண்களை யார் கேட்கப்போகிறார்கள்? தஹ்மானுக்கும் அது விளங்கிவிட்டது என்று அவர் புருவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனிதர்.

"தலைப்புப் பக்கம் உன் பையிலதானே இருக்கு?" என்றார் மெல்ல. "குடு. நான் ஒண்ணும் கேக்கலை. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டதை என் கண்ணாலயே பார்த்தேன். இதைவிடக் கமிட்டி என்ன வேணும்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் வேதனை. இந்த அறைக்காக எத்தனை படி ஏறியிருக்கிறாள், எத்தனை கதவு முகத்தில் சாத்தப்பட்டிருக்கிறது. கையை நீட்டினால் போதும். பக்கத்தில் ஸகியா தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, குழாயை மூடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சொன்ன பொய் தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொல்வதாகிவிடும்.

"இது கையெழுத்துப் பட்டியல் இல்ல சார்" என்றாள் ஸுலைகா. "தட்டுப் பட்டியல். யார் வீட்டுத் தட்டு எத்தனைன்னு எழுதினது. என்கிட்ட இருக்கிறது இருபத்தாறுதான்."

தஹ்மான் அவளை உற்றுப் பார்த்துவிட்டுத் தாள்களைத் திருப்பி வைத்தார்.

"நாளையும் மறுநாளும் பிறகு வெள்ளி, சனி எல்லாம் எனக்குக் கண்ணு தெரியாது. ஞாயித்துக்கிழமை காலைல ஃபைலைத் திறப்பேன். அதுவரைக்கும்தான் என்னால முடியும். முப்பத்தொண்ணு வரலைன்னா ஏற்கெனவே தயாரா இருக்கிற ஒதுக்கீடு நடப்புக்கு வந்துடும்."

"லக்தர் பேர்ல."

"ஆமா. அவசரப்பட்டுச் சாவியைக் குடுத்தது எங்க ஆளோட தப்பு. மனு போட்டு மூணு வாரமாச்சே, உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர்தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கார்."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஸகியா கையைத் துடைத்துக்கொண்டாள். "தட்டெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள் பொதுவாக. "இப்பப் பிரிக்க முடியாது. நாளைக்குக் காலைல எல்லாரும் வந்து எடுத்துக்கட்டும். கதவு திறந்திருக்கணும்."

அதைச் சொல்லும்போது அவள் பார்த்தது ஸுலைகாவை அல்ல, வாசலில் நின்ற லக்தரை. அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழு மணிக்குத் திறப்பேன்" என்றான். மேட்டில் கடை திறக்கும் நேரம் அது.

*

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகை நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். மவ்லூத் சமையலறையில், சேறு காய்ந்த காலுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"எப்போ கையெழுத்துப் போட்டீங்க?"

"அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு."

"நான் அந்த அறைக்காகப் படி படியா ஏறி எறங்கிட்டிருக்கேன். நீங்க பின்னாலயே போய் அதை உங்க தம்பிக்கு எழுதி வெச்சிருக்கீங்க. நேத்து என் பிள்ளைங்க தலை மேல சத்தியம் பண்ணினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

"நீ சத்தியம் பண்ணினது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." அவன் நிமிர்ந்தான். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தான். "ஸுலைகா, தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு நீதான் சொன்னே. காலை நீட்டிப் படுக்க ஒரு மூலை இல்லன்னு சொன்னே. அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னே. பஸ் ஓட்டுறவனுக்கு வேற என்ன வழி தெரியும்? கிடைக்காதுன்னு நினைச்சுத்தான் போட்டேன். உன் முப்பத்தொண்ணு வந்துடும்னு நினைச்சேன்."

திட்டுவதற்கு வந்தவளுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

கூடத்துக்கு வந்தாள். ஏதோ மாறியிருந்தது. என்னவென்று புரியச் சற்று நேரமானது. கதவுக்குப் பின்னால் மெத்தை இல்லை. மூத்த பெண் ஸெலியா தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா மெத்தையைக் கீழ எடுத்துட்டுப் போயிட்டாரும்மா. போர்வை, ஒரு பாத்திரம், எல்லாம். 'தட்டு பத்திரமா இருக்கும், அம்மாகிட்ட சொல்லு'ன்னாரு."

தட்டுக்குக் காவல் படுக்கப் போனானா, இல்லை இடத்தைப் பிடிக்கப் போனானா? அவனை எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தவளுக்கே தெரியவில்லை.

ஸுலைகா பால்கனிக்குப் போனாள். மழை விட்டிருந்தது. கீழே அறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அடியில் வெளிச்சம் தெரிந்தது. அதன் முன்னால் ஸகியா ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். பின்னால் வலது படிக்கட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். மெத்தை உள்ளே போனதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஸகியா தலையைத் தூக்கி, நேராக இந்தப் பால்கனியைப் பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. காத்திருந்தாள்.

இப்போதே இறங்கிப் போக வேண்டும். போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஸுலைகா உள்ளே திரும்பி, மெத்தை நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் மட்டும் என்று உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த மூலை கிடைத்துவிட்டது.